அம்மா வண்டி ஓட்ட, மகன் சும்மா இருந்த கதை

நம்ம ஆள் சினிமாவுக்குப் போனால், அவருக்கு முன் சீட்டில் உட்காருகிறவர் பாவம். திரையில் ஒரு கார் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் போதும், இவருடைய வலது கால் தானாக எழும்பி எதிரே இருப்பதை ஓங்கி மிதித்துவிடும். எதிரே இருப்பது யாரோ ஒருவருடைய முதுகு. பல் டாக்டரிடம் போனாலும் அதே கதி. டாக்டர் ஊசியோடு குனிவார், இவர் மிதிப்பார், நாற்காலி ஆடும், டாக்டர் நிற்கமாட்டார். தான் மிதித்தும் நிற்காத ஒரே ஆள் அந்த டாக்டர்தான் என்று இவருக்கு அவர்மேல் தனி மரியாதை.

தொழில், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஸ்கூல் காரில் ஓட்டப் பழகுகிறவர் காலடியில் வழக்கமான பெடல்கள் இருக்கும். பக்கத்து சீட்டில் உட்காரும் மாஸ்டர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் சொதப்பினால் மாஸ்டர் அதை மிதிக்க வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். நம்ம ஆள் அதைக் கொஞ்சம் தாராளமாகப் புரிந்துகொண்டார். சொதப்பிய பிறகு மிதிப்பவர் சாதாரண மாஸ்டர். சொதப்பும்போதே மிதிப்பவர் நல்ல மாஸ்டர். சொதப்பலாமா என்று பழகுகிறவர் மனதில் ஒரு யோசனை தலைகாட்டும்போதே இவர் மிதித்துவிடுவார். இவர் கார் வருவதைப் பார்த்துத் தெரு நாய்கள் எழுந்திருப்பதே கிடையாது. எப்படியும் நின்றுவிடும் என்று அவற்றுக்குத் தெரியும். வேலை பார்க்கும் ஊரில் அவருக்குப் பெயரே 'பிரேக்'.

அவரிடம் பழகிய பேராசிரியர் ஒருவர், சொந்தக் காரை வெளியே எடுத்த முதல் நாள், எதிரே பூச்செடிக் கடை வந்ததும் இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு நிம்மதியாகக் காத்திருந்தாராம். அதுவரை அப்படித்தான் கார் நின்றுகொண்டிருந்தது. கடைக்காரர் தப்பித்தார். செடிகளைப் பற்றிப் பேராசிரியர் பேச விரும்புவதில்லை.

ஸ்கூல் முதலாளிக்கு இவரால் ஒரே ஒரு தலைவலி, டெஸ்ட். லைசென்ஸ் டெஸ்டில் பழகுகிறவர் ஓட்டுவார், மாஸ்டர் பக்கத்தில் உட்காருவார், ஆய்வாளர் பின் சீட்டில் இருப்பார். மாஸ்டர் தன் பிரேக்கைத் தொட்டால் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். வந்தால் ஃபெயில். ஒரே ஒரு முறை நம்ம ஆளை ஒரு பேங்க் மேனேஜரோடு டெஸ்டுக்கு அனுப்பினார்கள். கார் டெஸ்ட் ஆபீஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் பீப். மேனேஜர் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார். அதன் பிறகு டெஸ்ட் நாளில் நம்ம ஆளுக்குக் கட்டாய விடுமுறை.

இப்படிப்பட்டவர் வாரக் கடைசி ஆனால் பஸ் பிடித்து அம்மாவைப் பார்க்க வந்துவிடுவார். அம்மா தனியாக இருக்கிறாரே என்ற கவலை. அம்மா தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முத்திரை குத்தி ரிடையர் ஆனவர், மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. மகன் கையில் ஒரு பை நிறைய அழுக்குத் துணியும், இன்னொரு பையில் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று அவராக முடிவு செய்த பிஸ்கட்டும் இருக்கும். வந்ததும் சாப்பிடுவார், சோஃபாவில் சாய்வார், தூங்குவார். தூக்கத்திலும் கால் மிதிக்கும். ஞாயிறு மாலை, "போயிட்டு வரேம்மா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று துவைத்த துணியோடு கிளம்புவார். அம்மாவுக்குத் துணையாக இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம் என்ற திருப்தியில் பஸ்ஸில் கண் கலங்கும்.

அம்மாவும் பிஸ்கட்டை கீழ்த்தளத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமைக்குக் காத்திருப்பார். சிநேகிதிகள் எங்காவது கிளம்புவது என்றால் சனிக்கிழமைதான் கிளம்புவார்கள். "நீங்க போயிட்டு வாங்கடி, என் பையன் வருவான்" என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலித்துவிட்டது. மகன் அம்மாவுக்காக வருகிறார், அம்மா மகனுக்காக வீட்டில் இருக்கிறார். இருவருமே விட்டால் இன்னும் சந்தோஷமாக இருப்பார்கள். ஆனால் பாசம் என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா விடுமா?

அந்தப் புதன்கிழமை அம்மா போன் செய்தார்.

"இந்த வாரம் வராதேடா."

"ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருந்தா ஏன் வராதேங்கறே?"

"நல்லா இருக்கறதாலதான்டா!"

இதைக் கேட்ட எந்த மகன் வராமல் இருப்பான்? இருதயமா, சிறுநீரகமா என்று மூன்று நாள் யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டுக்கும் சேர்த்து அழுதுவிட்டு, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இவருடைய சோஃபாவில், இவர் தலை வைக்கும் இடத்தில், யாரோ ஒரு பெண்ணின் கால். கணுக்காலில் துணிக்கட்டு, கட்டுக்குள்ளிருந்து ஒரு மரக்கரண்டியின் பிடி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் எதிர்வீட்டு நர்ஸக்கா, ரிடையர் ஆனாலும் கட்டுப் போடுவதை விடாதவர், ஐஸ் பையோடு நின்றார். அம்மா ஜன்னலோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா! என்னாச்சு? யாருக்கு என்ன?"

மூன்று பேரும் திரும்பினார்கள். அம்மா முகத்தில் முதலில் ஒரு அதிர்ச்சி. பிறகு ஒரு கணக்கு. பிறகு, கடையில் வேறு காயே இல்லாதபோது சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

"கடவுளே," என்றார் அம்மா, "இவனா?"

உண்மை துண்டு துண்டாக வெளியே வந்தது. சோஃபாவில் இருந்தவள் இந்த ஊர் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். அம்மா ஆறு மாதமாக, திங்கள் முதல் வெள்ளி வரை, மகனுக்குத் தெரியாமல் கார் ஓட்டப் பழகியிருக்கிறார். இன்று மதியம் டெஸ்ட். பாஸானால் இன்று சாயங்காலமே நர்ஸக்கா உட்பட இரண்டு சிநேகிதிகளோடு கடலோரம் ஒரு விடுதிக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று பேருமாகச் சேர்ந்து வாங்கிய பழைய சின்னக் கார் ஒன்று கட்டடத்தின் பின்பக்கம் உறை போட்டு நிற்கிறது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காலையில் அம்மாவை அழைத்துப் போக வந்த டீச்சர் மாடிப்படியில் காலைப் பிசகாக வைத்துவிட்டாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல? நானே சொல்லிக் கொடுத்திருப்பேனே!"

"சொல்லிக் கொடுத்தியே. ஞாபகம் இல்ல? ஒரு தெருவைத் தாண்ட சாயங்காலம் ஆச்சு. காரை நீ ஓட்டினே, நான் ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தேன்."

"பாதுகாப்பு முக்கியம்மா."

"தெருவுல யாருமே இல்லடா! ஒரு பிளாஸ்டிக் பை பறந்துச்சு!"

டீச்சர் மெதுவாக வாயைத் திறந்தாள். "சார், நீங்களும் மாஸ்டர்தானே? கார்டு இருக்கா? இன்னிக்கு விட்டா அடுத்த தேதி எப்ப கிடைக்கும்னே தெரியாது. லைசென்ஸ் உள்ள மாஸ்டர் யாராவது பக்கத்துல உட்காரணும். உட்கார்ந்தாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"வேற ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான்மா இவனுக்கு வராது," என்றார் அம்மா.

நம்ம ஆள் நெஞ்சை நிமிர்த்தினார். "ஏன் வராது? பெத்த அம்மாவுக்காக ஒரு அரை மணி நேரம் காலை அடக்க முடியாதா என்னால?"

நர்ஸக்கா ஐஸ் பையைக் கீழே வைத்தார். "பார்த்துடலாமே. பரிசோதனை பண்ணாம எதையும் நம்பக்கூடாது."

சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஒன்றில் அம்மா, கையில் ஸ்டீயரிங்குக்குப் பதிலாகச் சல்லடை. இன்னொன்றில் மகன். நர்ஸக்கா சமையலறை வாசலில் நின்று போக்குவரத்தானார்.

"கிளம்பியாச்சு. தெரு காலியா இருக்கு. மரம். வீடு. வீடு. பஸ்ஸு!"

தொம்.

"தம்பி, அது எதிர்ப்பக்கம் போற பஸ்ஸு."

"எதிர்ப்பக்கம்னு நீங்க சொல்லலையேக்கா!"

"சரி, மறுபடியும். வீடு. கடை. சைக்கிள்!"

தொம்.

"நிறுத்தி வச்ச சைக்கிள்!"

"ஸ்டாண்டு சரியா இருந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?"

"ஸ்கூல் விட்டாச்சு! பந்து! பந்துக்குப் பின்னாடி ஒரு கிழவர்! கிழவருக்குப் பின்னாடி இன்னொரு பந்து!"

தொம், தொம், தொம், தொம். நர்ஸக்காவுக்கு இதில் ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, ஊர்வலம் என்று ஒவ்வொன்றாக இறக்கினார். அம்மா சல்லடையைத் திருப்பித் திருப்பித் தெருவே இல்லாத இடத்தில் நான்கு திருப்பம் எடுத்துவிட்டார். டீச்சர் சிரிப்பை அடக்கப் போய் மரக்கரண்டி நழுவியது.

அப்போது கதவில் ஒரு உருவம். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா. கழுத்தில் இஞ்சுடேப், வாயில் குண்டூசி, தலையில் கூரையிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு.

"என்னக்கா, மேல யானை எதுவும் பழக்கறீங்களா?"

காரின் மூன்றாவது பங்குதாரர் இவர்தான். விஷயத்தைக் கேட்டதும் குண்டூசியை எடுத்துவிட்டு நம்ம ஆளின் கால்களை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பழைய கோட்டை எங்கே பிரிக்கலாம் என்று பார்க்கும் பார்வை.

"தம்பி, இதுல வியாதி என்னன்னா, இந்த ரெண்டு காலும் தனித்தனியா இருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தானேக்கா இருக்கு?"

"எல்லாரும் எங்க கடல் பயணத்துக்குக் குறுக்க வரலையே," என்றவர் ஊசியில் நூல் கோத்துவிட்டார்.

நம்ம ஆள் முதலில் மறுத்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா சல்லடையை இரண்டு கைகளாலும் சரியான இடத்தில் பிடித்தபடி, கண்ணாடியே இல்லாத பக்கம் திரும்பிக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார். தபால் ஆபீஸில் இத்தனை வருடம் மற்றவர்கள் கடிதங்களை ஊர் ஊராக அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கவுன்ட்டரிலேயே உட்கார்ந்திருந்தவர். நம்ம ஆள் இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டார்.

தையல்கார அக்கா பேன்ட்டின் இரண்டு காலையும் முழங்காலில் இருந்து கணுக்கால் வரை பெரிய பெரிய தையலாகச் சேர்த்துவிட்டார். "பிரிக்கறதும் சுலபம், நல்லாவும் இருக்கு. ஓரத்துல ஒரு லேஸ் வச்சா பாவாடைன்னே சொல்லலாம்."

மூன்று மாடியையும் குதித்துக் குதித்து இறங்கினார். இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் வணக்கம் சொன்னார். பதில் வணக்கம் சொல்லக் கையை எடுத்தால் விழுந்துவிடும் நிலை, அதனால் தலையால் சொன்னார். "ரொம்ப மரியாதை தெரிஞ்ச பையன்," என்று பெரியவர் வீட்டுக்குள் திரும்பிச் சொல்வது கேட்டது. டீச்சரின் காரில் அம்மா ஓட்டும் இடத்தில் உட்கார, மற்ற இருவரும் நம்ம ஆளை மூட்டையைப் போலப் பக்கத்தில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

டெஸ்ட் ஆபீஸில் அன்றைய ஆய்வாளர், டிரைவிங் ஸ்கூல்காரர்கள் மத்தியில் 'பெருமூச்சு' என்று அழைக்கப்படுபவர். அதிகம் பேசமாட்டார். தப்பு செய்தால் மூக்கு வழியாக ஒரு மூச்சு விடுவார். அது காரின் கண்ணாடியில் ஆவியாகப் படியும். கண்ணாடி மங்கினால் ஃபெயில் என்பது டிரைவிங் ஸ்கூல்களில் நிலவும் கருத்து.

பின் சீட்டில், நம்ம ஆளுக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்து கார்டை வாங்கிப் பார்த்தார்.

"நீங்க... அந்த பிரேக்கா?"

"ஆமா சார்." புகழ் ஊர் தாண்டி வந்திருப்பதில் ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்ப சீக்கிரம் முடிஞ்சுடும்," என்றார் பெருமூச்சு, கையைக் கட்டிக்கொண்டு.

அம்மா பெல்ட்டைப் போட்டார். கண்ணாடிகளைத் திருத்தினார். "கிளம்பலாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, கவுன்ட்டரைத் திறக்கும் நிதானத்தோடு கியரைப் போட்டார். கார் பூனை மாதிரி நகர்ந்தது. கேட்டைத் தாண்டியது. நம்ம ஆள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு டெஸ்ட் ஆபீஸ் கேட்டைத் தாண்டினார்.

பெரிய ரவுண்டானா வந்தது. பக்கத்துச் சாலையில் இருந்து ரொட்டிக் கடை வேன் ஒன்று, கண்டுகொள்ளாமல் மூக்கை நீட்டியது. நம்ம ஆளின் வலது கால் கிளம்பியது. தையல் தடுத்தது. இடது காலையும் இழுத்துக்கொண்டு வலது கால் கிளம்பியது. இரண்டு முழங்காலும் சேர்ந்து டாஷ்போர்டில் இருந்த பெட்டியை இடித்தன. பெட்டி வாய் திறந்து டீச்சருடைய குடையையும் சீப்பையும் கக்கியது. கூடவே, 'டர்ர்ர்' என்று முழங்காலில் இருந்து கணுக்கால் வரை ஒரு நீண்ட சத்தம்.

அம்மா அதற்குள் வேகத்தைக் குறைத்து, வேனை விட்டு, ரவுண்டானாவுக்குள் நுழைந்திருந்தார்.

"என்ன சத்தம்?" என்றார் பெருமூச்சு.

"பையன் சார்," என்றார் அம்மா, சாலையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு பெருமூச்சு. பின் கண்ணாடியில் சின்னதாக ஒரு வட்டம்.

இப்போது நம்ம ஆளுக்கு இரண்டு கால்களும் விடுதலை. இதைவிட மோசமான விடுதலை யாருக்கும் கிடைத்திருக்காது. இரண்டு கையாலும் வலது முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பக்கத்து ஜன்னலைப் பார்த்தால் சைக்கிள்கள். கீழே பார்த்தால் பிரேக் பெடல். கண்ணை மூடினால் இன்னும் மோசம், கண்ணுக்குள் பஸ் வந்தது. எதிரே இருக்கும் சாலையைப் பார்க்கலாம் என்று வேறு வழியில்லாமல் பார்த்தார். அப்படியே அம்மாவின் கைகளையும் பார்த்தார். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கவில்லை. வருகிறவரிடம் பார்சலை வாங்குவது மாதிரி லேசாகப் பிடித்திருந்தார். ரிவர்ஸில் இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார் பெருமூச்சு. நம்ம ஆளுடைய மாணவர்கள் இந்த இடத்தில் அழுவது வழக்கம். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைத்துவிட்டார். இவருடைய கால் மூன்று முறை துடித்தது. மூன்று முறையும் கை ஜெயித்தது.

கடைசியாக ஒரு இறக்கம். ஒரு பக்கம் பெரிய சூப்பர் மார்க்கெட். கார் பாதி இறக்கத்தில் இருக்கும்போது, கடை வாசலில் இருந்து ஒரு தள்ளுவண்டி, சாமான் நிரம்பி, தள்ளுவோர் யாரும் இல்லாமல், சுயமாகக் கிளம்பி வந்தது. உச்சியில் ஒரு முட்டைக்கோஸ் உட்கார்ந்து ஊர்வலம் போவது மாதிரி ஆடியது. பின்னால் ஒரு மனிதர் ஒற்றைச் செருப்போடு, "பிடிங்க! பிடிங்க!" என்று ஓடிவந்தார். வண்டி நேராகச் சாலைக்கு வந்தது.

கை தோற்றது. கால் எழும்பி பிரேக் பெடலின் மேல் போய் நின்றது. பாதத்துக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையலாம்.

"பார்த்துட்டேன்டா," என்றார் அம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. தோசைக்கல்லைப் பார்த்துக்கொள் என்றால் சொல்வோமே, அந்த மாதிரி. நம்ம ஆளின் கால் அப்படியே அந்தரத்தில் நின்றது. இத்தனை வருடத் தொழிலில் ஓட்டுகிற யாரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. 'ஐயோ' என்று சொல்லியிருக்கிறார்கள், 'சார் சார்' என்று சொல்லியிருக்கிறார்கள், கடவுள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்துவிட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. பார்க்கிற வேலையை இவர் யாருக்கும் விட்டுவைத்ததும் இல்லை.

அம்மா மெதுவாக, கிளட்ச்சும் பிரேக்கும் சரியாக மிதித்து, காரை நிறுத்தினார். கார் குலுங்கவில்லை. தள்ளுவண்டி காருக்கு முன்னால் கம்பீரமாகச் சாலையைக் கடந்தது. முட்டைக்கோஸ் ஒரு முறை இவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த அந்த நொடியில், பின் சீட்டில் இருந்து பெருமூச்சின் இரண்டு கால்களும் கிளம்பி நம்ம ஆளின் முதுகில் பலமாக உதைத்தன. இருபது வருடம் பின் சீட்டிலேயே உட்கார்ந்து வந்தவருக்கும் பயம் இருக்காதா? முதுகு முன்னால் போனது, முழங்கால் நீண்டது, பாதம் இறங்கியது.

பீப்.

வெளியே ஒற்றைச் செருப்புக்காரர் கும்பிட்டபடி ஓடினார்.

"மாஸ்டர் பிரேக் போட்டுட்டாரு," என்றார் பெருமூச்சு, குரல் கொஞ்சம் இறங்கி.

அம்மா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பெல்ட்டோடு முழுசாகத் திரும்பினார். தபால் ஆபீஸில் மூடும் நேரத்துக்குப் பிறகு வருகிறவர்களைப் பார்க்கும் பார்வை.

"சார், வண்டி எப்ப நின்னுச்சு?"

"முன்னாடியே."

"சத்தம் எப்ப வந்துச்சு?"

"அப்புறம்."

"நின்ன வண்டியை எப்படி சார் இன்னொரு தடவை நிறுத்தறது?"

பெருமூச்சு யோசித்தார். "இருந்தாலும், அவர் மிதிச்சாரே."

"அவன் மிதிக்கல. நீங்க அவனை மிதிச்சீங்க, அவன் பெடலை மிதிச்சான். அப்படிப் பார்த்தா பிரேக் போட்டது நீங்க. ஆய்வாளர் பிரேக் போட்டா ஃபெயில்னு ரூல் இருக்கா சார்? இருந்தா சொல்லுங்க, இறங்கிக்கறேன்."

நம்ம ஆள் முதுகைத் தடவிக்கொண்டு, "சார், பலமாத்தான் உதைச்சீங்க," என்று பணிவாகச் சாட்சி சொன்னார்.

அன்றைக்கு அந்த ஊரில் வந்ததிலேயே நீளமான மூச்சு அப்போதுதான் வந்தது. பின் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, எல்லாம் மங்கின. நம்ம ஆள் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா மூடவில்லை. பட்டனைத் தட்டி ஜன்னலை இறக்கினார், அவ்வளவுதான். மங்கல் போனது.

"நேரா ஆபீஸுக்குப் போங்கம்மா," என்றார் பெருமூச்சு. ஆபீஸ் வாசலில் இறங்கும்போதுதான், "பாஸ்," என்றார். பிறகு நம்ம ஆளிடம் குனிந்து, மெதுவாக, "சார், இந்தக் கால் விஷயம்... உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கு? தூக்கத்துலயும் வருதா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் அவருடைய மனைவியின் நிலைமை நம்ம ஆளுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மூன்றாவது மாடி ஜன்னலில் மூன்று தலைகள். அம்மா காரில் இருந்து இறங்கி இரண்டு கையையும் மேலே தூக்கினார். நர்ஸக்கா ஜன்னலிலேயே ஆடினார். டீச்சர் ஒற்றைக் காலில் ஆடினாள். தையல்கார அக்கா மட்டும் நம்ம ஆளின் பேன்ட்டைப் பார்த்து, "நூல் பழசு. என் தையல்ல குறை இல்ல," என்று மேலே இருந்தே சத்தம் போட்டார்.

டீச்சரின் தம்பி வந்து அவளையும் ஸ்கூல் காரையும் அழைத்துப் போனான். அதன் பிறகு வீட்டில் ஒரே ஓட்டம். பைகள், தொப்பி, டார்ச், மறுபடியும் தொப்பி. நம்ம ஆள் பேன்ட் மாற்றிக்கொண்டு சோஃபாவில் உட்கார்ந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சாப்பாடு என்ன என்று கேட்க வாயெடுத்தார், எல்லோரும் அவரைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள்.

"அம்மா, அப்ப நான்?"

"வாஷிங் மெஷின் காலியா இருக்கு. சோப்பு மேல் தட்டுல."

"நான் உன்னைப் பார்க்கத்தானேம்மா வந்தேன்?"

"அதான் பார்த்துட்டியே. காலையில இருந்து பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தே. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?"

நர்ஸக்காவுக்கு மனசு இளகியது. "பாவம்டி. முதுகுல வேற உதை வாங்கியிருக்கான். பின்னாடி ஏத்திக்கலாம்."

மூன்று பெண்களும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள். தீர்ப்போடு அம்மா வெளியே வந்தார். "வரலாம். பின் சீட்டு. ஓட்டுறதைப் பத்தி வாயத் திறந்தா இறக்கி விட்டுடுவேன்."

"சத்தியமா திறக்கமாட்டேன்."

உறையை உரித்ததும் அந்தச் சின்னக் கார், குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி நின்றது. அம்மா ஓட்டினார். தையல்கார அக்கா முன்னால், வழி சொல்ல. பின்னால் நர்ஸக்காவும் நம்ம ஆளும், நடுவே பைகளும். முதல் தெரு போயிற்று. இரண்டாவது தெரு போயிற்று. நம்ம ஆள் உதட்டைக் கடித்தபடி வந்தார். மூன்றாவது தெருவில் அம்மா ஒரு திருப்பத்துக்கு முன் இண்டிகேட்டர் போட ஒரு மூச்சு தாமதமாகிவிட்டது.

"இண்டி..." என்றார் நம்ம ஆள்.

முழு வார்த்தைகூட இல்லை. அம்மா கண்ணாடி பார்த்து, வேகம் குறைத்து, ஓரமாக, நடைபாதைக்கு அரை சாண் விட்டு அழகாக நிறுத்தினார்.

"இறங்கு."

"அம்மா, பாதிதான் சொன்னேன்!"

"மீதியை வெளியில நின்னு சொல்லிக்கோ."

இறங்கினார். கார் கிளம்பிப் போயே போய்விட்டது. நம்ம ஆள் நடைபாதையில் நின்றார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. குனிந்து, கார் நின்ற இடத்தில் புழுதியில் டயர் பதிந்த தடத்தைப் பார்த்தார். நடைபாதைக்கு இணையாக, கோடு போட்ட மாதிரி இருந்தது. அவருடைய ஸ்கூலில் ஒரு ஆள் இப்படி நிறுத்தியது கிடையாது. அவருக்கே இப்படி வருமா என்று சந்தேகம். பக்கத்தில் போன ஒருவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, "பாருங்க சார், எங்கம்மா நிறுத்தினது," என்று காட்டினார். அந்த மனிதர் தரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கையை விடுவித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

ஐந்து நிமிடம் இருக்கும். தெருவின் அந்த முனையில் இருந்து ஹார்ன் சத்தம். அதே சின்னக் கார், சுற்றி வளைத்து வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் நர்ஸக்காவின் தலை பாதி வெளியே.

"தம்பி! அங்கேயே நில்லு! நகராதே! உங்கம்மாவுக்கு மறுபடியும் நிறுத்திக் காட்டணுமாம்!"

அம்மா இண்டிகேட்டரைப் போட்டார், தெரு முழுக்கத் தெரியும்படி, ரொம்ப முன்னாலேயே. கண்ணாடி பார்த்தார். ஓரம் கட்டினார். முன் சக்கரம் நடைபாதையில் ஏறி, ஒரு குலுக்கு குலுக்கி, கார் கோணலாக நின்றது. தையல்கார அக்காவின் தொப்பி மடியில் விழுந்தது. மூன்று பெண்களும் ஜன்னல் வழியாக நம்ம ஆளையே பார்த்தார்கள்.

நம்ம ஆள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார். கதவைத் திறந்து பைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்துக்கொண்டார்.

"எப்படிடா?" என்றார் அம்மா.

"கடலுக்கு எவ்வளவு தூரம்மா?" என்றார் மகன்.

காருக்குள் வெடித்த சிரிப்பில் நர்ஸக்காவுக்கு விக்கல் எடுத்தது. அம்மா சிரித்துக்கொண்டே சக்கரத்தை நடைபாதையில் இருந்து இறக்கி, காரைச் சாலைக்குக் கொண்டுவந்தார்.